கேம்பிட் அண்ணாச்சியின் தாடி

நூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால் லண்டனில் செஸ் ஆடித் தோற்றுப்போன ஒரு மனிதனுக்காக, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் உட்கார்ந்துகொண்டு தினமும் சண்டை போட்ட ஒரே ஆள் இந்தப் பூமியில் கேம்பிட் அண்ணாச்சியாகத்தான் இருக்க முடியும். தோற்றவன் அவருக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. அவன் பெயரைக்கூட அவரால் முழுசாகச் சொல்ல முடியாது. கறுப்புக் காய்களை வைத்து ஆடியவன் என்பதால் 'நம்ம கறுப்பு' என்றுதான் சொல்வார்.

அண்ணாச்சி இப்போது கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுத் தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டார். இந்தப் பத்திரிகை அங்கே அவர் கையில் கிடைக்காது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கிடைத்தாலும் பாதகமில்லை. இந்தக் கதையில் மானம் போகிறவன் நான்தான், அவரில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எண்ணூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. பள்ளிக்கூட நாட்களில் மாவட்ட செஸ் போட்டியில் கலந்துகொண்டவன். கலந்துகொண்டவன் என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் என் வழக்கம். நீங்கள் கேட்பதால் சொல்கிறேன்: நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாத ஒரு சிறுமியிடம் முதல் சுற்றிலேயே தோற்றேன். நடுவில் அவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்து, கீழே விழுந்த ரிப்பனைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டு, சாவகாசமாக வந்து என்னை முடித்தாள். ஆனாலும் திருவொற்றியூரில் எங்கள் மன்றத்தில் செஸ் தெரிந்த பெரிய மனிதன் நான்தான். பெரிய மனிதன் என்று முடிவு செய்ததும் நான்தான்.

மன்றம் என்றால் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை. இரண்டு கேரம் போர்டு, மூன்று செஸ் பலகை, ஓடினால் நம்மைவிட அதிகமாகச் சத்தம் போடும் ஒரு ஃபேன். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை எங்கள் வாசல் வரைக்கும் நீளும். மணிக்கணக்கில் காத்திருக்கும் டிரைவர்கள் உள்ளே வந்து ஆடுவார்கள். வரிசை நகர்ந்தால் பின்னால் நிற்கும் வண்டி ஹாரன் அடிக்கும். உடனே கையில் எடுத்த காயை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடி, வண்டியை நாலு முழம் நகர்த்திவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து ஆடுவார்கள். அவர்கள் இல்லாத நேரத்தில் பலகையை யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் மன்றத்தின் எழுதாத சட்டம்.

எழுதாத சட்டம் இன்னொன்றும் இருந்தது. அதற்குத் தாவல் என்று பெயர். ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை ராஜா குதிரை மாதிரி தாவலாம். செக் இருந்தாலும் தாவலாம். இந்த அநியாயத்தை முதன்முதலில் எனக்கு விளக்கியவன் ஒரு கண்டெய்னர் டிரைவர். எர்ணாவூர்க்காரன், எல்லோருக்கும் அவன் 'டிரெய்லர்'.

"ராஜான்னா சும்மாவா சார்? உசுரு போற நேரத்துல ஒரு வாட்டி எகிறிக் குதிக்க மாட்டாரா? நீயா இருந்தா இன்னா பண்ணுவ?" என்றான்.

அவன் தாவித் தாவியே என்னை இரண்டு ஞாயிற்றுக்கிழமை தோற்கடித்தான். மூன்றாவது ஞாயிறு நான் தாவலை ஒழித்துவிட்டேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று இன்றுவரை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். 'சர்வதேச சதுரங்க விதிகள்' என்று பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து, லேமினேட் பண்ணி, கேரம் போர்டுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். டிரெய்லர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "லண்டன்காரன் ரூல்ஸு நம்ம ரோட்டாண்ட இன்னாத்துக்கு சார்?" என்றான். நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

அதோடு விட்டேனா? மன்றத்து ஜனங்களை உயர்த்தியே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொற்பொழிவு வைத்தேன். தலைப்பு: பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க ஆட்டக் கோட்பாடு. வந்தவர்கள் நாலு பேர். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள், ஒருவர் தூங்கினார். நாலாவது ஆள் டிரெய்லர், அவனும் கேரம் போர்டுக்கு இடம் கிடைக்காததால் உட்கார்ந்திருந்தான். அவனைத் தேடிக்கொண்டு ஐந்தாவதாக ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் நாலைந்து பேனா, மழமழவென்று சவரம் செய்த முகம். அவர் கடைக்கு வரவேண்டிய கம்பி லோடு டிரெய்லரின் வண்டியில் இருந்தது. அதைக் கேட்க வந்தவர், பேச்சு முடியட்டும் என்று மரியாதைக்கு உட்கார்ந்தார். அந்த மரியாதைதான் வினையாகப் போயிற்று.

நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது லண்டனில் நடந்த ஒரு பிரபலமான ஆட்டம். வெள்ளைக்காய்க்காரன் இரண்டாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைக் கொண்டுபோய் எதிராளி வாயில் வைக்கிறான். இதைத் தின்றுகொள், நீ தின்கிற நேரத்தில் நான் என் படைக்கு வழி திறந்துகொள்கிறேன் என்று அர்த்தம். இந்தத் தொடக்கத்துக்கு கிங்ஸ் கேம்பிட் என்று பெயர். அந்தக் காலத்தில் கௌரவமான ஆட்டக்காரர்கள் இப்படித்தான் தொடங்கினார்கள், நீட்டியதை வாங்காமல் விடுவது கோழைத்தனம் என்றும் நினைத்தார்கள். கறுப்பு வாங்கிக்கொண்டான். ராணியை வெளியே விட்டு ஒரு செக் வைத்தான். நாலாவது நகர்த்தலில் தன் பங்குக்கு ஒரு சிப்பாயை வெள்ளை மந்திரியின் முன்னால் நீட்டினான். இதைச் சந்தேகமான யோசனை என்று புத்தகங்கள் எழுதுகின்றன. அதற்குப் பிறகு வெள்ளைக்குப் பேய் பிடித்துவிட்டது. ஒரு மந்திரியைக் கொடுத்தான், இரண்டு யானைகளையும் கொடுத்தான், கடைசியில் ராணியையே கொடுத்தான். கறுப்பு எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுக்கொண்டான். முடிவில் மிச்சமிருந்த ஒரு மந்திரியும் இரண்டு குதிரைகளும் சேர்ந்து கறுப்பு ராஜாவை அவன் வாசலிலேயே மடக்கிவிட்டன. கறுப்பிடம் பெரிய காய்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. ஆனாலும் மேட்.

நான் கைதட்டலுக்காக நிறுத்தினேன். வேட்டிக்காரர் மெல்ல எழுந்தார்.

"சரி தம்பி. கறுப்பு அப்புறம் என்ன ஆனான்?"

"தோத்துட்டான், அண்ணாச்சி."

"அதான் தெரியுதே. வீட்டுக்குப் போனானா? சாப்பிட்டானா? பொண்டாட்டி என்ன சொன்னா?"

"அதெல்லாம் புத்தகத்துல இல்லீங்க. பேராசைக்காரன். குடுத்ததையெல்லாம் தின்னான், மாட்டிக்கிட்டான். அவ்வளவு பெரிய முட்டாள்."

அண்ணாச்சியின் முகம் சிவந்துவிட்டது. "குடுத்ததை வாங்குனவன் முட்டாளா? ஒருத்தன் நம்பி ஒரு பொருளை நீட்டுதான், அதைத் தட்டிவிடவா சொல்லுத? எங்க ஊர்ல அப்படித் தட்டிவிட்டா சம்பந்தமே முறிஞ்சுபோவும். வாங்குனதும் இல்லாம, நாலாவது ஆட்டத்துல பதிலுக்கு மொய் வச்சிருக்கான் பாரு. இதுக்கு மேல ஒரு மனுசன் என்னடே செய்யணும்?"

செஸ் வரலாற்றில் அந்த நாலாவது நகர்த்தலை மொய் என்று விளக்கிய முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். நான் விடவில்லை. "ஆட்டம் முடிஞ்சுபோச்சு அண்ணாச்சி. மேட் ஆனவனை யாராலும் காப்பாத்த முடியாது" என்றேன்.

"நான் காப்பாத்துதேன்" என்றார் அவர். "'கறுப்பு பொழைச்சுட்டான் அண்ணாச்சி'ன்னு நீ உன் வாயால சொல்லுத வரைக்கும் இந்த மூஞ்சியில கத்தி படாது. திருச்செந்தூர் முருகன் மேல சத்தியம்."

டிரெய்லர் தலையைச் சொறிந்தான். "அண்ணாச்சி, கம்பிய எங்க எறக்குறதுன்னு சொல்லிட்டு அப்பால சத்தியம் பண்ணு" என்றான். கேம்பிட் அண்ணாச்சி என்ற பெயரை வைத்ததும் அவன்தான்.

வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு அண்ணாச்சிக்குக் குதிரை எப்படி நடக்கும் என்றே தெரியாது. சத்தியம் செய்த பிறகுதான் செஸ் கற்றுக்கொள்ள வந்தார். கற்றுக்கொடுத்தவன் நான். சுவரில் ஒட்டிய விதிகளின்படி, ஒன்று விடாமல்.

அதற்கப்புறம் சாத்தாங்காட்டில் அவர் கடைக்குப் போனவர்கள் பாடு திண்டாட்டம்தான். மேஜைமேல் நட்டு, போல்ட், வாஷரை வைத்து அந்தக் கடைசி நிலையை நிரந்தரமாக அடுக்கி வைத்திருந்தார். கறுப்பு ராஜாவாக ஒரு துருப்பிடித்த பெரிய போல்ட் நின்றது. எட்டு எம்எம் கம்பி விலை கேட்க வந்த மேஸ்திரியிடம், "அது கெடக்கட்டும், இவனை எப்படிக் காப்பாத்தலாம்? சொல்லும்" என்பார். வெள்ளை பிரமாதமாக ஆடியிருக்கிறான் என்று வாய்தவறிச் சொன்ன ஒரு காண்டிராக்டருக்குக் கடைசிவரை சகாய விலை கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஒரு புது வைத்தியத்தோடு மன்றத்துக்கு வருவார். நான் என் கைபேசியில் இருக்கும் செஸ் செயலியில் தட்டிப் பார்த்து, அவர் உட்காருவதற்குள் தப்பு என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். மூளை கைபேசியுடையது, பெருமை என்னுடையது. ஒருநாள் அதே கைபேசி ஒரு உண்மையையும் சொன்னது. கடைசிக்குச் சில நகர்த்தல்கள் முன்பு கறுப்பு வேறு மாதிரி ஆடியிருந்தால் தோற்றிருக்கவே மாட்டான். நல்ல செய்திதானே என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

அண்ணாச்சி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்துக் கெடக்கவன்கிட்ட, 'அன்னைக்கு அந்த பரோட்டாவைத் தின்னுருக்கக் கூடாது'ன்னு சொல்லுதவன் டாக்டராடே? படுத்துக் கெடக்க எடத்துலேருந்து எழுப்பணும்."

அதாவது, அவருக்கு மேட்டான நிலையிலிருந்தே காப்பாற்ற வேண்டும். தாடி நெஞ்சைத் தொட்டது.

இன்னொரு சங்கதியையும் சொல்ல வேண்டும். கோடை விடுமுறையில் மன்றத்தில் ஒரு செஸ் போட்டி வைத்தோம். பரிசுக்குப் பொறுப்பேற்றுக்கொண்டவர் அண்ணாச்சி. ஜெயித்தவர்களுக்கு ஒரு கைகுலுக்கல்கூட இல்லை. தோற்றவர்களுக்கு மட்டும் ஐஸ் போட்ட ரோஸ்மில்க், முதுகில் ஒரு தட்டு, "வீட்டுக்குப் போயி நல்லா சாப்பிடு, என்னா?" என்று ஒரு ஆறுதல். வெயில் மண்டையைப் பிளந்த நாள். மூன்றாவது சுற்றில் எல்லோரும் உஷாராகிவிட்டார்கள். இரண்டு டிரைவர்கள் ஒருவர் ராணியை ஒருவர் முன்னால் வைத்துக்கொண்டு "நீ வெட்டு நைனா", "இல்ல தோஸ்து, நீ வெட்டு" என்று அரைமணி நேரம் உபசாரம் செய்துகொண்டிருந்தார்கள். நான் நாலு ரோஸ்மில்க் குடித்தேன். அதற்காக நான் ஒரு முயற்சியும் செய்யவில்லை.

இப்படிச் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்த விஷயம், அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் சிரிப்பாக இல்லை. ஒருநாள் சாயங்காலம் அண்ணாச்சியின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். தண்ணீரைக்கூட வாங்கிக் குடிக்காமல் பேச ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை வீட்ல, சம்பந்திக்கு ஏதும் நேர்த்திக்கடனான்னு கேக்காக தம்பி. நான் என்னன்னு சொல்லுவேன்? வெள்ளைக்காரன் ஒருத்தன் தோத்ததுக்குன்னா? முருகனுக்கு வளத்திருந்தாலும் புண்ணியமாவது உண்டு."

"நான் சொல்லிப் பாக்கறேங்க்கா."

"என்னத்தைச் சொல்லுவீக? உங்க அண்ணாச்சி, இந்தக் கோலத்துல மேடையில நின்னு புள்ளைக்கு அவமானம் தேட மாட்டேன், நான் பந்தியில நின்னு பரிமாறிக்கிடுதேன், சித்தப்பனை வச்சுத் தாரைவாத்துக் குடுங்கன்னு சொல்லிட்டாக. புள்ள அழுதுக்கிட்டே கெடக்கா." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோவும் தம்பி. பொய்யாவாவது சொல்லுங்க."

மறுநாளே ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுச் சாத்தாங்காடு போனேன். கடைக்குள் நுழைந்ததும் சொல்லிவிட்டேன்: "அண்ணாச்சி, கறுப்பு பொழைச்சுட்டான்."

அவர் கண்ணில் வெளிச்சம் வந்தது. மேஜையை என் பக்கம் திருப்பினார். "எதை நகத்தி?"

நான் அதை யோசித்துக்கொண்டு வரவில்லை. பொதுவாக ஒரு வாஷரைத் தொட்டேன். "அது சிப்பாய். செக்கு அந்தப் பக்கம் இருக்கு" என்றார். ராணியைத் தொட்டேன். "ராணி மூலையில கெடக்கா, எப்படி வந்து மறைப்பா?" ஒரு நட்டைத் தூக்கினேன். அது எந்தக் காய் என்று எனக்கே தெரியவில்லை. அவர் மெதுவாக அதை என் கையிலிருந்து வாங்கி இருந்த இடத்தில் வைத்தார்.

"அக்கா வந்தாளா?"

"ஆமாங்க."

"தம்பி, அவனைப் பொய்யாப் பொழைக்க வைக்கக் கூடாது. அது இன்னொரு தடவை தோக்கடிச்ச மாதிரி. நீ போயி டீயைக் குடி." எனக்கு டீ சொல்லிவிட்டுக் கம்பி எடை பார்க்கப் போய்விட்டார்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் டிரெய்லர், கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒரு டிரைவரோடு ஆடிக்கொண்டிருந்தான். அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து, தோற்கப் போகிற டிரெய்லருக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். எதிராளி மேட் வைத்தான். அதே நேரம் வெளியே ஹாரன் அடித்தது. போகிற அவசரத்தில் டிரெய்லர் தன் ராஜாவை எடுத்துக் குதிரை மாதிரி ஒரு தாவு தாவ வைத்துவிட்டு எழுந்தான்.

"ஏய், செல்லாது செல்லாது!" என்று நான் கத்தினேன்.

"பழக்கதோஷம் சார். கை தானா எகிறிச்சு" என்றான் டிரெய்லர்.

அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். "இது என்னது? இப்ப என்ன செஞ்ச?"

"இதான் அண்ணாச்சி தாவல். நம்ம ஏரியால ராஜாவுக்கு ஒரு வாட்டி உண்டு. செக்கு கீதோ இல்லியோ, ஒரே ஜம்ப்பு. நம்ம சாருதான் வந்து அத்த தூக்கிட்டாரு."

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்டே. இதை எங்கிட்ட நீ சொல்லவே இல்லியே."

பக்கத்துப் பலகையைக் கவிழ்த்தார். கடைசி நிலையை மனப்பாடமாக அடுக்கினார். கறுப்பு ராஜாவை இரண்டு விரலால் தூக்கி, பக்கவாட்டில் இரண்டு கட்டம், முன்னால் ஒரு கட்டம் வைத்தார். வெள்ளையின் மந்திரியும் குதிரைகளும் எட்டாத கட்டம் அது. தாவ இன்னொரு கட்டமும் காலியாக இருந்தது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காரணம் எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நாலாவது நகர்த்தலில் கறுப்பு எடுத்து நீட்டினானே ஒரு சிப்பாய், அது ஆரம்பத்தில் நின்ற கட்டம் இதுதான்.

"மொய் வச்ச எடம்!" என்று கத்தினார் அண்ணாச்சி. "குடுத்ததுனாலதான் எடம் காலியாக் கெடக்கு. குடுக்காம வச்சிருந்தா அவன் சிப்பாயே அவனுக்கு வழியை அடைச்சுக்கிட்டு நின்னுருக்கும்லா! சந்தேகமான யோசனைன்னு எழுதுனவனை வரச் சொல்லு!"

மன்றமே கூத்தாடியது. வெளியே வரிசை நகர்ந்து ஹாரன்கள் அலறின, ஒருவரும் போகவில்லை. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அண்ணாச்சியும் பார்த்தார். சத்தியப்படி நான் வாயால் சொல்ல வேண்டுமே.

இந்த இடத்தில் மனிதனாகப் பிறந்த எவனும் என்ன சொல்லியிருப்பான்? நான் சுவரில் ஒட்டியிருந்த லேமினேஷனைக் காட்டி, "செல்லாது" என்றேன்.

டிரெய்லர் முன்னால் வந்தான். "இன்னா சார் பேஜார் பண்ற? லண்டன்ல ஆடுனாங்க, ஒத்துக்கறேன். ஆனா தோத்தவன இங்க இட்டுகினு வந்தது யாரு? நீதான? நம்ம ஏரியாவுக்கு வந்துட்டா நம்ம ரூலுதான். வந்த ஆளுக்கு ஒரு ஜம்ப்பு குடுக்க மாட்டியா?"

பதில் தெரியாதபோது என் குரல் உயரும். விதி என்றால் விதி, உலகம் முழுக்க ஒரே விதி என்று ஏதேதோ இங்கிலீஷில் பேசிவிட்டு வெளியே வந்தேன்.

அந்த வாரம் நான் பட்ட பாடு. வழக்கமாகக் காலையில் நான் வேலைக்குப் போகும்போது, டிரைவர்கள் இரண்டு லாரிகளுக்கு நடுவில் என் ஸ்கூட்டர் நுழைய இடம் விட்டு நிறுத்துவார்கள். திங்கட்கிழமையிலிருந்து கண்டெய்னர்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. ஹாரன் அடித்தால், "ரூல்ஸ் படி லைன்ல வா சார்" என்று மேலேயிருந்து குரல் வரும். தினமும் ஆபீசுக்கு லேட். டீக்கடையில் எனக்கு மட்டும் சர்க்கரை போட மறந்தார்கள். வீட்டில் மனைவி தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். அவளுக்குச் செஸ் தெரியாது, ஆனால் அண்ணாச்சி பெண் கல்யாணத்துக்கென்று புடவை எடுத்து பிளவுஸ் தைக்கக் கொடுத்திருந்தாள். தனியாக உட்கார்ந்து கைபேசியில் அந்த ராஜாவைத் தாவ வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அது ராஜாவைப் பழைய கட்டத்துக்கே இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியது. நானும் கெஞ்சாத குறையாகத் திரும்பத் திரும்ப இழுத்தேன். அதன் மண்டைக்கனத்தைத் திட்டிக்கொண்டிருக்கும்போதுதான், நான் யாரைத் திட்டுகிறேன் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிறு. மன்றம் நிறைந்திருந்தது. நான் நேராகச் சுவருக்குப் போய் லேமினேஷனைப் பிடித்து இழுத்தேன். சுண்ணாம்போடு பெயர்ந்து வந்தது. "தாவல் செல்லும்" என்றேன். அதோடு நிறுத்தாமல், "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் லண்டனுக்கும் செல்லும்" என்று சேர்த்துக்கொண்டேன்.

அண்ணாச்சி தலையை ஆட்டினார். "வாயால சொன்னாப் பத்தாது. எழுந்தவன் நடக்கணும்லா? வெள்ளையை நீ எடு. ஆடிக் காட்டு."

அவருக்கு முன்னால் ராணி, யானைகள், மந்திரிகள், குதிரைகள் என்று முழுப் பட்டாளம். எனக்கு ஒரு மந்திரி, இரண்டு குதிரை, சில்லறைச் சிப்பாய்கள். நல்ல மனசோடு தோற்றுக்கொடுக்க உட்கார்ந்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. உட்கார்ந்ததும் ஜெயித்துவிடலாம் என்றுதான் தோன்றியது. ஒரு குதிரையைப் பிடித்தபோது மீசையைக்கூடத் தடவிக்கொண்டேன். நடுவில் வரிசை நகர்ந்தது. வேடிக்கை பார்த்த கூட்டம் முழுக்க ஓடிப்போய் வண்டிகளை நகர்த்திவிட்டு வந்து மூச்சிரைக்க நின்றது. எங்கள் இரண்டு பேரைத் தவிர அறையில் ஆளில்லாத அந்த நேரத்தில் அண்ணாச்சி காயைத் தொடவில்லை, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது.

அப்புறம் அதிக நேரமாகவில்லை. இரண்டு யானைகளும் ராணியும் என் ராஜாவை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டுபோய் முடித்தன. நிஜமாகவே, என் சக்தி முழுவதையும் செலவழித்துத் தோற்றேன்.

"கறுப்பு பொழைச்சுட்டான், அண்ணாச்சி" என்றேன்.

அண்ணாச்சி வேட்டி நுனியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் எல்லோரும் நின்றோம். டிரெய்லர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. சலூன்காரரை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார வைத்துத் தாடியை எடுத்தார்கள். முடி கீழே சிந்தாமல் இருக்க அண்ணாச்சியின் மடியில் எதையாவது விரிக்க வேண்டியிருந்தது. சர்வதேச விதிகள் சரியான அளவில் இருந்தன.

கல்யாணத்தில் அண்ணாச்சியின் முகம் மேல்பாதி கறுத்தும் கீழ்ப்பாதி வெளுத்தும் இருந்தது. மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தபோது அந்த இரண்டு பாதியும் நனைந்திருந்தன. அக்கா என்னைத் தேடிவந்து மேடைக்கு இழுத்துப்போய் போட்டோவில் நிறுத்தினார். என் மனைவி அந்தப் புடவையில் எனக்குப் பக்கத்தில் நின்றாள், சிரித்தாள். வெளியே என் ஸ்கூட்டருக்கு டிரைவர்கள் இடம் பிடித்து வைத்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி மன்றத்துக்கு வரமாட்டார் என்று நினைத்தேன். வேலை முடிந்துவிட்டதே. அந்த நினைப்பே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இருந்தாலும் போனேன். அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். பலகையில் நான் அவரிடம் தோற்றுப்போன அந்தக் கடைசி நிலை. ஆனால் அவர் உட்கார்ந்திருந்தது வெள்ளைப் பக்கத்தில்.

"என்ன அண்ணாச்சி, பக்கம் மாறி உக்காந்துட்டீங்க? நம்ம கறுப்புதான் ஜெயிச்சாச்சே."

"ஜெயிச்சவனுக்கு நான் எதுக்குடே?" என்றார் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தோத்தது நீல்லா? அன்னைக்கு உன் மூஞ்சியைப் பாத்துட்டு எனக்குச் சோறே எறங்கல. கல்யாண வேலையில பேச முடியல. உக்காரு. இந்தக் குதிரையை நீ அவசரப்பட்டு வெட்டியிருக்கக் கூடாது. சரி, அது போவட்டும், அதைப் பேசக் கூடாது. இங்கேருந்து உன்னை எப்படி எழுப்பலாம்னு பாப்போம்."

நான் தோற்ற ஆட்டங்கள் எத்தனையோ. அவற்றில் ஒன்றுக்காவது ஒரு ஆள் எனக்காகச் சாப்பிடாமல் இருந்தார் என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்திலேயே, வெள்ளைப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.